கைகாட்டி

வட்டச்சாலை வருகிறதென்று அதிபரைப் பெயர்த்தெடுத்து
நகராட்சிக் கிடங்கில்
பழைய டயர்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே
பதினொரு மாதம் கிடத்தியிருந்தார்கள்.
மல்லாந்து கிடந்தவரின் நீட்டிய விரல்
கூரையைச் சுட்டியது.
"ஒழுகும் இடத்தைச் சொல்கிறார்" என்று சிரித்தான்
காவலாளி ஃபௌஸ்தீனோ.
ஏறிப் பார்த்தோம். உண்மைதான்.
அவர் காட்டி
இந்த ஊரில் சரியான ஒரே காரியம்.

என் பெயர் பசிலியா கோல்கே. நில அளவையாளர்.
எனக்கு வந்த ஆணையில் ஒரே வரி:
சிலையை முன்பிருந்த திசையிலேயே நிறுத்துக.

முன்பிருந்த திசை எது?
சந்தையில் கேட்டேன், பள்ளியில் கேட்டேன்,
மினிபஸ் ஓட்டுநர்களைக் கேட்டேன்.
கடல், என்றார்கள். வேறென்ன, கடல்தான்.

பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது.
போரில் போயிற்று.
எங்கள் பாட்டன்களும் பார்க்காத தோல்வி
பள்ளி நாட்காட்டியில் இன்னும் காயாத சிவப்பு.
என் சித்தப்பா லாரியோடு அரிக்கா வரை போனவர்.
எப்படி இருந்தது என்று கேட்டதற்கு
"பெரிசு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "ஈரம்."

டாக்டர் எலியோதோரோ பர்ராகான்
பதினான்கு மாதம் ஆண்டார்.
கடலை மீட்பேன் என்றார், ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்,
கூலி கேட்டவர்கள் மேல்
இரண்டு முறை துப்பாக்கிச்சூடு.
முதலாவது ஏதோ தூரத்து ஊரில்.
இரண்டாவது இங்கே.

கோணமானியை வைத்துப் பார்த்தேன்.
போன கடற்கரை
இந்தச் சதுக்கத்திலிருந்து இருநூற்றுப் பதினான்கு பாகை.
சிலையின் அடித்தட்டோ சதுரம். நான்கு துளை, நான்கு திருகாணி.
எப்படித் திருப்பினாலும்
வடக்கே தேவாலயம், கிழக்கே சிறை,
தெற்கே உப்புக் கிடங்கு,
மேற்கே சுரங்க வாசல்.
கடலுக்குத் துளை இல்லை.
எந்நாளும் இருந்ததில்லை.

திறப்பு விழாப் புகைப்படம் ஒன்று கிடைத்தது.
வெள்ளுடைப் பிள்ளைகள், பித்தளை வாத்தியம்,
அண்ணாந்த தொப்பிகளுக்கு மேலே விரல்
நேராக உப்புக் கிடங்கின் கதவை நோக்கி.
பெயர் தெரியாத கொத்தன் ஒருவன்
அன்றைக்கு இதே தட்டைச் சுற்றி நின்று யோசித்து,
போகட்டும், உப்பாவது இருக்கட்டும் என்று
முடுக்கியிருக்கிறான்.

ஐந்தாவது துளை கேட்டு எழுதினேன்.
துளைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று
நகராட்சி கைவிரித்தது.
விரித்த கையும் எங்கோ சுட்டத்தானே செய்கிறது.

கிரேன் வந்த காலை,
கண்ணில் நீர் வரவைக்கும் காற்று.
அதிபர் கம்பியில் தொங்கிச் சுழன்றார்.
மேற்கே வந்தபோது
"நிறுத்து" என்றேன்.

சுரங்க வாசலில் சிலை கிடையாது.
ஒரு தகரப் பலகை, ஒன்பது பெயர்,
துரு தின்று மிச்சம் வைத்த எழுத்துகள்.
நான்காவது பெயர் கிரேன்காரனின் மாமன்.
ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை.
இயந்திரத்தை அணைத்தான்.
விரல் அங்கேயே நின்றது,
வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பப்பட்டு
பதில் தெரியாமல் நிற்பவனைப் போல.

எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்கவில்லை.

பிறகு தெற்கே திருப்பி முடுக்கினோம்.
பதிவேட்டில் எழுதினேன்: முன்பிருந்தபடி.
உப்புக்குப் பெறாத இரண்டு சொல்.
கையெழுத்து மட்டும் ஏனோ பெரிதாக விழுந்தது.

மார்ச் இருபத்து மூன்று.
கடலில்லாத நாட்டின் கடற்படையிலிருந்து
வெள்ளுடையில் ஓர் அதிகாரி வந்து
விரல் காட்டிய பக்கம் விறைத்து வணங்கினார்.
கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்
என்ன செய்வதென்று தெரியாமல்
பதிலுக்குக் கையுயர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்தபின்
சதுக்கத்தில் தனியே நின்று
என் கையை நீட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு.
டயர் கடை, அதன் பின் ஒரு மதில்,
அதன் பின் பழுப்புப் புல், அப்புறம் வானம்.

பொரித்த பணியாரம் விற்றுக்கொண்டிருந்த ஹெர்மினியா
கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.
"அங்கே என்ன?"

"கடல்."

"ஓ" என்றாள்.
"பஸ் வருதோன்னு பார்த்தேன்."